சோழர் பரம்பரை ஆலய நிர்வாகக் குழு, ஜொகூர் கிளை

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவலின் வரலாற்றைப் படிவம் நான்கு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறவர் முதலில் சோழர் வம்சாவளி அட்டவணையைச் சுருட்டிப் பரணில் போட வேண்டும். விசயாலயன் மகன் ஆதித்தன், ஆதித்தன் மகன் பராந்தகன் என்று வெண்பலகையில் மூன்றாவது கோடு இழுப்பதற்குள் பின்வரிசை தூங்கிவிடும். அதுவும் சிம்பாங் ரெங்கத்து மத்தியானத்தில், நாசி லெமாக் வயிற்றில் இறங்கிய பிறகு, ராஜராஜனே நேரில் வந்து நின்றாலும் ஒரு கண்தான் திறக்கும்.

எங்கள் ஊரைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்தது மூன்று விஷயம். அன்னாசி, சிறைச்சாலை, வடக்கு தெற்கு நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் டோல் சாவடி. வரலாறு என்று ஒன்று இருந்தால் அது கெடாவில் நடந்திருக்கும், மலாக்காவில் நடந்திருக்கும், தஞ்சாவூரில் நடந்திருக்கும். இங்கே நடந்து போவது செம்பனைக் குலை ஏற்றிய லோரி மட்டும்தான் என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிட்டார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. அப்படித்தான் நாம் வளர்த்திருக்கிறோம்.

2022இலும் 2023இலும் மணிரத்னம் இரண்டு பாகமாகப் படம் எடுத்துக் கொடுத்ததில் ஒரு நன்மை உண்டு. பாத்திரங்களை அறிமுகம் செய்யும் வேலை மிச்சம். வந்தியத்தேவன் என்றால் கார்த்தி, குந்தவை என்றால் திரிஷா, ஆதித்த கரிகாலன் என்றால் விக்ரம். கெடுதலும் உண்டு. "சார், இதெல்லாம் உண்மையா?" என்று கேட்பார்கள். எது உண்மை, எது கல்கி, எது மணிரத்னம் என்று பிரிக்க உட்கார்ந்தால் பள்ளி மணி அடித்துவிடும்.

நான் கண்ட வழி ஒன்றுதான். சோழ நாட்டைத் தோட்டத்துக் கோயில் என்று வைத்துக்கொள்ளுங்கள், அரியணைதான் ஆலய நிர்வாகக் குழுத் தலைவர் நாற்காலி என்றேன். வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. ஜொகூரில் தமிழ்ப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு முன்னாள் பொருளாளர் இருக்கிறார்.

நிறுவனர் விசயாலயன். 850 வாக்கில் முத்தரையரிடமிருந்து தஞ்சையைப் பிடித்தார். என்ன பத்திரம், யார் கையெழுத்து என்று ஒருவரும் கேட்கவில்லை. நிறுவனர் என்றால் அப்படித்தான், படத்துக்கு மாலை போட்டுவிட்டு மேலே போக வேண்டும். பேரன் பராந்தகன் காலத்தில் நன்கொடை கொட்டியது, தில்லைக் கூரைக்கே பொன் வேய்ந்தார். அந்தத் தெம்பில் வடக்கே இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனோடு பகை முற்றியது. 949இல் தக்கோலத்தில் சண்டை. அடுத்த தலைவர் என்று எல்லோரும் நினைத்திருந்த மூத்த மகன் ராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே செத்தார். அவரை 'யானைமேல் துஞ்சிய தேவர்' என்று கல்லில் வெட்டினார்கள். சோழர்களுக்கு இது ஒரு பழக்கம். அரிஞ்சயன் 'ஆற்றூர்த் துஞ்சிய தேவர்', சுந்தர சோழன் 'பொன்மாளிகைத் துஞ்சிய தேவர்'. வாழும்போது என்ன செய்தார்கள் என்பதைவிட எங்கே கண்ணை மூடினார்கள் என்பதைக் கவனமாகக் குறித்து வைத்த குடும்பம்.

மூத்தவர் போனதும் இரண்டாமவர் கண்டராதித்தர் உட்கார்ந்தார். சிவபக்தர், பதிகம் பாடியவர், சண்டை சச்சரவில் மனம் போகாதவர். இப்படிப்பட்டவர் தலைவரானால் கோயிலில் பூசை ஒழுங்காக நடக்கும், கணக்குப் புத்தகம் மட்டும் வேறு யாராவது வீட்டில் இருக்கும். மனைவி செம்பியன் மாதேவி. மகன் மதுராந்தகன் அப்போது கைக்குழந்தை. கண்டராதித்தர் மறைந்ததும், பிள்ளை வளரும்வரை பார்த்துக்கொள்ளட்டும் என்று தம்பி அரிஞ்சயனிடம் சாவி போனது. அரிஞ்சயன் சீக்கிரமே போய்ச் சேர, சாவி அவர் மகன் சுந்தர சோழனிடம் போனது. சுந்தர சோழன் 957 முதல் ஆண்டார். கைக்குழந்தை வளர்ந்து மீசை முறுக்கிய பிறகும் சாவி திரும்பவில்லை. அதற்குள் சுந்தர சோழனின் மூத்த மகன் ஆதித்த கரிகாலனுக்கு இளவரசுப் பட்டமும் கட்டியாயிற்று.

"அப்போ மதுராந்தகன் அங்கள் பக்கம்தானே சார் நியாயம்?" என்றான் ஒருவன்.

படத்தில் பார்க்கும்போது மதுராந்தகனுக்காகச் சதி செய்த பழுவேட்டரையர் கூட்டத்தை வில்லன் என்று திட்டிய அதே பையன். அரண்மனைச் சதி என்று சொன்னால் வில்லன், கோயில் சாவி என்று சொன்னால் நியாயம். இந்த ஒரு திருப்பத்துக்காகத்தான் கல்கி 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதினார் என்று நான் நினைக்கிறேன். நாவலைப் பாதியில் விட்டவர்களுக்கு அதில் குதிரையும் ஓடமும் மட்டுமே நினைவிருக்கும். உள்ளே ஓடுவது வாரிசு வழக்கு.

அடுத்தது கொலை. ஆதித்த கரிகாலன், வீரபாண்டியன் தலையைக் கொய்தவன் என்று பட்டம் போட்டுக்கொண்டவன், 970ஐ ஒட்டி ஏதோ ஒரு நாளில் கொல்லப்பட்டான். நாற்காலி உத்தம சோழன் என்ற பெயரில் மதுராந்தகனுக்கு வந்தது. 985 வரை அவர் ஆண்டார். அதன் பிறகே ராஜராஜன். விசாரணை? காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடிக் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு, அதாவது கொலை நடந்து 15 ஆண்டுகளுக்கு மேல். சோமன், பஞ்சவன் பிரமாதிராஜன் என்னும் ரவிதாசன், இருமுடிச்சோழ பிரமாதிராஜன் என்னும் பரமேஸ்வரன் ஆகியோரைத் துரோகிகள் என்று பெயர் சொல்லி, அவர்களுடைய நிலத்தையும் உறவினர் நிலத்தையும் பறிமுதல் செய்து விற்கச் சொல்கிறது. எதைக் கொண்டு குத்தினார்கள் என்று இல்லை. ஏன் என்று இல்லை. எங்கே என்று இல்லை. நிலம் மட்டும் யார் யாருடையது என்று தெளிவாக இருக்கிறது. சோழ அரசாங்கம் எதை முக்கியமாக நினைத்தது என்பதற்கு இதைவிட நேர்மையான வாக்குமூலம் கிடைக்காது.

"பிரமாதிராஜன்னா என்ன சார்?"

"அரசாங்க அதிகாரிக்குக் கொடுக்கும் பட்டம். நம்ம ஊர் டத்தோ மாதிரி."

"அப்போ உள்ளுக்குள்ளேயே ஆள் இருந்திருக்கு!"

படிவம் நான்கு இதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் ஆனது. பேராசிரியர்கள் பல ஆண்டு சண்டை போட்டார்கள். நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன்மேல் சந்தேகக் கண் வைத்தார். சதாசிவப் பண்டாரத்தார் அதெல்லாம் கிடையாது என்றார். கல்கி இரண்டு பேரையும் படித்துவிட்டு, யார் குத்தினார்கள் என்று நிச்சயமாகச் சொல்லாமல் விளக்கை அணைத்துவிட்டுப் போனார். நல்ல நாவலாசிரியருக்கு எந்த இடத்தில் மின்சாரம் போக வேண்டும் என்று தெரியும்.

சொல்லக் கசப்பான செய்தி ஒன்றும் இருந்தது. நந்தினி கல்கியின் கற்பனை. கல்வெட்டில் இல்லை, செப்பேட்டில் இல்லை. ஆழ்வார்க்கடியானும் பூங்குழலியும் அப்படியே. முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "அப்போ ஐஸ்வர்யா ராய்?" என்றாள். அவர் உண்மை என்று உறுதி சொன்ன பிறகுதான் உட்கார்ந்தாள். வந்தியத்தேவன் உண்மையா என்றால், உண்மைதான், ஆனால் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் அவன் வருவது குந்தவையின் கணவன் என்ற அளவில். ஐந்து பாகம் குதிரையில் பறந்தவனுக்கு அந்தக் கல்வெட்டு கொடுத்த முகவரி அது ஒன்றே. வகுப்பில் பெண்கள் கைதட்டினார்கள்.

நாவல் மதுராந்தகன் முடிசூட்டலோடு முடிகிறது. ஆதித்த கரிகாலனின் தம்பி, பின்னாளில் ராஜராஜன் ஆன அருள்மொழி, கிரீடத்தைச் சிற்றப்பா தலையில் வைத்துவிட்டு ஒதுங்குகிறான். திருவாலங்காட்டுச் செப்பேடும், சிற்றப்பாவுக்கு ஆசை இருந்தது, அதனால் அருள்மொழி விட்டுக்கொடுத்தான் என்றே சொல்கிறது. செப்பேட்டை எழுதவைத்தது அருள்மொழியின் மகன் ராஜேந்திரன் என்பதைப் பிள்ளைகளிடம் மறக்காமல் சொன்னேன். நம் அப்பா தியாகி என்று மகன் செப்பில் வெட்டினால் அதைத் தகவலாகவும் வாசிக்கலாம், திருமண மண்டப வாசலில் கட்டிய பதாகையாகவும் வாசிக்கலாம்.

இங்கிருந்து சரக்கு நம் பக்கம் வருகிறது. 1006 வாக்கில் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரை எழும்பியது. கட்டிக்கொடுத்தவர் கடாரத்து அரசர் மாறவிசயோத்துங்க வர்மர், தன் தந்தை சூளாமணி வர்மர் பெயரில். கடாரம் என்றால் நம் கெடா. ராஜராஜன் அந்த விகாரைக்கு ஆனைமங்கலம் கிராமத்தையே எழுதிக் கொடுத்தார். அந்தச் செப்பேடு சுற்றிச் சுற்றி நெதர்லாந்தின் லைடன் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது வேறு கதை. ஆக, அப்பா காலத்தில் கடாரமும் சோழமும் விருந்தாடும் சிநேகம். 1025இல் மகன் ராஜேந்திரன் அதே கடாரத்துக்குக் கப்பல் படை அனுப்பி, அரசன் சங்கிராம விசயோத்துங்க வர்மனைப் பிடித்து, யானைகளைப் பிடித்து, கோட்டை வாசல் தோரணத்தையும் விடாமல் கழற்றிக்கொண்டு போனார். ஸ்ரீவிஜயம், இலங்காசோகம், மாதமாலிங்கம், மாப்பப்பாளம் என்று பிடித்த ஊர்களின் பட்டியல் ராஜேந்திரன் மெய்க்கீர்த்தியில் நீண்டு கிடக்கிறது. "மாப்பப்பாளம் எந்தக் கடையில கிடைக்கும் சார்?" என்று ஒருவன் கேட்டான். வெளியே அனுப்பினேன். சிரிப்பை அடக்க முடியவில்லை என்பதால்.

ஏன் படையெடுத்தார்? சீன வியாபாரம், மலாக்கா நீரிணையின் சுங்கம், கெமர் அரசனின் நட்பு என்று அறிஞர்கள் காரணம் அடுக்குகிறார்கள். ராஜேந்திரன் ஒரு காரணமும் சொல்லவில்லை. பட்டியல் கொடுத்தார், கையைத் துடைத்தார், கடாரம் கொண்டான் என்று பட்டம் சூடினார். மெய்க்கீர்த்தி என்பது வென்றவன் தன் கையாலேயே எழுதிக்கொள்ளும் நற்சான்றிதழ். அதில் தோற்றவன் கையெழுத்து இருக்காது.

வகுப்பில் பாதி விசில் அடித்தது. அப்போது ஜன்னலோரத்துப் பெண் கேட்டாள்: "நாம யாரு பக்கம் சார்? கப்பல்ல வந்தவங்க பக்கமா, கெடாக்காரங்க பக்கமா?"

விசில் நின்றது.

எனக்குத் தெரிந்த பதில் இதுதான். நம்மில் யாருடைய தாத்தாவும் ராஜேந்திரன் கப்பலில் வரவில்லை. அதே நாகப்பட்டினத்தில்தான் ஏறினார்கள், ஆனால் ஏறியது 900 ஆண்டு கழித்து, ராஜுலா மாதிரிக் கப்பலின் மேல்தளத்தில், தகரப் பெட்டியும் கங்காணி கொடுத்த வாக்கும் கையில். கோட்டைத் தோரணம் எதையும் கழற்றவில்லை. கித்தா மரத்துக்குக் கோடு போட்டார்கள். கடாரம் கொண்டான் என்று சட்டையில் அச்சடித்துப் போடுகிறவர்கள் இந்தக் கேள்வியை ஒரு முறை கேட்டுவிட்டுப் போட்டால் நல்லது. சட்டையின் துணி கெட்டி, அதில் குறை சொல்வதற்கில்லை.

இத்தனையும் வடக்கே கெடாவில். ஜொகூருக்கு என்ன பங்கு? பங்கு பெரியது. மலாய்க்காரர்கள் சோழன் கதையை எடுத்துக்கொண்டு கல்கியையே தூக்கிச் சாப்பிடுகிற அளவுக்கு ஒன்று பின்னி வைத்திருக்கிறார்கள், அதுவும் ஜொகூரிலேயே உட்கார்ந்து. செஜாரா மெலாயு. 1612இல் ஜொகூர் ஆற்றங்கரைத் தலைநகரத்தில் பெண்டஹாரா துன் ஸ்ரீ லானாங் தொகுத்தார் என்பது மரபு. மலாக்கா 1511இல் போர்த்துக்கீசியரிடம் போய், அரச குடும்பம் தெற்கே ஓடி வந்து ஜொகூரில் குடியேறிய பிறகு எழுந்த புத்தகம். ஊரை இழந்தவர்களுக்கு வம்சப் பெருமை கொஞ்சம் தூக்கலாகத்தான் வேண்டும். தொகுக்கத் தொடங்கிய மறு ஆண்டே ஆச்சே படை வந்து நகரத்தைச் சூறையாடி ஆசிரியரையும் பிடித்துக்கொண்டு போயிற்று. பதிப்பகத்தார் பணம் தரவில்லை என்று புலம்பும் நம் எழுத்தாளர்கள் இதை நினைத்துப் பார்க்கலாம்.

அதில் வருகிறான் ராஜா சூலன். சில படிகளில் ராஜா சூரன். கலிங்க தேசத்து மாமன்னன், அலெக்சாந்தர் வழி வந்தவன். ஆமாம், கிரேக்க அலெக்சாந்தர். தஞ்சாவூர்க்காரனுக்கு மாசிடோனியாவில் பாட்டன். சூலன் சீனாவைப் பிடிக்கக் கிளம்புகிறான். படை நடந்த காட்டில் மரம் மிஞ்சவில்லை, ஆற்றில் நீர் மிஞ்சவில்லை. வழியில் பேராக் பக்கம் கங்கா நகரம் என்றொரு கோட்டை. ராஜாவைக் கொன்றான், அவன் தங்கையைக் கட்டிக்கொண்டான். அடுத்த நிறுத்தம் ஜொகூர் ஆற்றின் மேல்முனை, கங்காயு, கருங்கல் கோட்டை. ராஜா சூலின் யானைமேல் வந்தான், இவனும் யானைமேல் போனான். சூலின் செத்தான். மகள் ஓனாங் கியூ பேரழகி. அவளையும் கட்டிக்கொண்டான். கோட்டைக்கு ஒரு கல்யாணம் என்ற கணக்கில் ஆள் முன்னேறிக்கொண்டிருந்தான். ராஜேந்திரன் தோரணத்தோடு நின்றது எவ்வளவு அடக்கம் என்று இப்போது தெரிகிறது.

சூலன் துமாசிக்கு வந்துவிட்டான் என்று சீனாவுக்குச் செய்தி போனது. துமாசிக் என்றால் சிங்கப்பூர். சீனச் சக்கரவர்த்திக்குக் கிலி. மந்திரி ஒரு யோசனை சொன்னார். ஒரு கப்பல், அதில் துருப்பிடித்த ஊசிகள், காய்த்துக் குலுங்கும் இலந்தை மரங்கள், பல் கொட்டிய கிழவர்கள். கப்பல் துமாசிக்கு வந்தது. சீனா எவ்வளவு தூரம் என்று சூலனின் ஆட்கள் கேட்டார்கள். கிளம்பும்போது நாங்கள் பன்னிரண்டு வயதுப் பையன்கள், இந்த மரங்கள் அப்போது விதை, இந்த ஊசிகள் கை மொத்தம் இரும்புத் தண்டுகள், தேய்ந்து தேய்ந்து இப்படி ஆகிவிட்டன என்றார்கள் கிழவர்கள். கணக்குப் போட்டுப் பார்த்த சூலன், போய்ச் சேர்வதற்குள் நமக்கும் பல் கொட்டிவிடும் என்று படையைத் திருப்பிவிட்டான். ஒரு கப்பல் கிழவர்கள், ஒரு சொட்டு ரத்தமில்லை. உலக ராணுவ வரலாற்றில் இவ்வளவு மலிவான வெற்றி இன்னொன்று எனக்குத் தெரியவில்லை. இந்த இடத்தில் வகுப்பே எழுந்து நின்று சீனாவுக்குக் கைதட்டியது. ராஜேந்திரனுக்கு விசில் அடித்த அதே வகுப்பு.

நிலம் போதும், கடலடியில் என்ன இருக்கிறது பார்க்கலாம் என்று சூலனுக்கு அடுத்த யோசனை. கண்ணாடிப் பெட்டி செய்து, உள்ளே உட்கார்ந்து, இறங்கினான். கீழே ஒரு நாடு, ஒரு ராஜா, ராஜாவுக்கு ஒரு மகள். மேலே சொன்ன கணக்குப்படி மூன்றாவது கல்யாணம். மூன்று ஆண் பிள்ளைகள். பிறகு வீட்டு நினைவு வந்து, பறக்கும் குதிரையில் ஏறிக் கரைக்கு வந்துவிட்டான். அந்தக் கடலடி வாரிசுகளின் வழியில்தான் பாலெம்பாங்கில் இளவரசர்கள் தோன்றினார்கள், துமாசிக் எழுந்தது, மலாக்கா சுல்தான்கள் வந்தார்கள் என்று நூல் கோடு இழுக்கிறது. தஞ்சையில் சாவி தகராறில் தொடங்கிய குடும்பம், மாசிடோனியாவைத் தொட்டு, கடலுக்கடியில் மூழ்கி, மலாக்காவில் எழுந்தது. யுனெஸ்கோ 2001இல் இந்த நூலை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. தகுதியான மரியாதை என்பேன்.

கங்காயு எங்கே என்று தேடாமல் இருப்பார்களா? ஜொகூர் ஆற்றின் மேல்முனையில் லிங்கியூ என்ற பெயர் இன்றும் இருக்கிறது. இப்போது அங்கே நிற்பது நீர்த்தேக்கம், சிங்கப்பூருக்குத் தண்ணீர் தருவது. 2005இல் ஓர் ஆய்வாளர், அந்தக் காட்டுக்குள் கோத்தா கெலாங்கி என்ற தொலைந்த நகரம் கிடக்கிறது, வான்படங்களில் தெரிகிறது என்றார். பத்திரிகைகள் கொண்டாடின. தேடப் போன அரசுக் குழுவுக்கு நகரத்தின் சுவடு ஒன்றும் கிடைக்கவில்லை என்று 2006இல் செய்தி வந்தது. எங்கள் பக்கத்து மாவட்டம்தான் கோத்தா திங்கி. தொலைந்த நகரம் பக்கத்து மாவட்டத்தில்கூடக் கிடைக்காதது சிம்பாங் ரெங்கத்துக்கே உரிய ராசி என்று ஒரு பையன் சொன்னான். மாப்பப்பாளம் பையன்தான். உள்ளே வந்துவிட்டிருந்தான்.

ராஜேந்திரன் ஜெயித்த மிதப்பில் கல்லில் வெட்டினார். ஜொகூர்க்காரர்கள் தோற்ற வலியில் ஏட்டில் எழுதினார்கள். கல்கி, சுதந்திரம் வந்த சூட்டில், எங்களுக்கும் பெரிய ராஜாக்கள் இருந்தார்கள் என்று வாரப் பத்திரிகையில் எழுதினார். இந்த மூன்று பேரையும்விட நான் அதிகம் நம்புவது உடையார்குடியில் நில விற்பனைக் கணக்கு எழுதிய அந்தப் பெயர் தெரியாத கணக்குப்பிள்ளையை. அவருக்கு யாரையும் புகழ வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

பயிற்சிக்குக் கடிதம் கொடுத்தேன். கங்காயு இளவரசி ஓனாங் கியூ, கடலடிக்குப் போன கணவனுக்கு எழுதுவதாக. உறவுக் கடிதம் என்று தெளிவாகச் சொல்லியும் ஜன்னலோரத்துப் பெண் அலுவல் கடிதமாகவே எழுதிக் கொண்டுவந்தாள். பெறுநர்: ராஜா சூலன், கண்ணாடிப் பெட்டி, கடலடி. மதிப்பிற்குரிய ஐயா என்று தொடங்கி, எண்ணிட்டு நான்கு கோரிக்கை. என் அப்பாவைக் கொன்றது பற்றி எழுத்துமூலம் விளக்கம், கருங்கல் கோட்டையின் பழுதுபார்ப்புச் செலவு, மகளின் பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் கையெழுத்து, மூன்றாண்டு பராமரிப்புத் தொகை. நகல்: சீனச் சக்கரவர்த்தி, பல் கொட்டிய கிழவர்கள் வழியாக. இருபதுக்குப் பதினெட்டு போட்டேன். இரண்டு மதிப்பெண் குறைந்தது தேதி போடாததற்காக. கேட்டதற்கு, செஜாரா மெலாயுவிலும் தேதி இல்லையே சார் என்றாள்.